பெரியப்பா கரையில் படுத்திருக்கிறார்

கப்பலில் ஏழு நாள் தின்று களைத்து எட்டாம் நாள் காலையில் இறங்குகிற கூட்டத்தைப் போல ஒரு தலைவலி உலகத்தில் வேறு கிடையாது என்பது மைக் அக்காவின் பதினேழு வருஷத்து முடிவு. முதல் துறைமுகத்தில் இறங்குகிறவன் காக்கையைப் பார்த்தாலும் வாயைப் பிளப்பான். கடைசித் துறைமுகத்தில் இறங்குகிறவன் முன்னால் திமிங்கலமே வந்து குட்டிக்கரணம் போட்டாலும், "போன தீவுல இதைவிடப் பெருசு" என்று சொல்லிவிட்டுக் கழிப்பறை எங்கே என்று கேட்பான்.

அந்தக் கூட்டத்தைக் கட்டி மேய்ப்பதுதான் அவள் பிழைப்பு. கப்பல் காலை எட்டு மணிக்கு அவர்களைப் பெட்டி படுக்கையோடு வெளியே தள்ளிவிடும். அடுத்த கூட்டத்துக்கு விரிப்பு மாற்ற வேண்டுமே. ஊர் திரும்பும் விமானமோ மாலை ஆறு மணிக்கு. நடுவில் கிடக்கிற பத்து மணி நேரத்தை எங்கேயாவது கொண்டுபோய்க் கொட்டியாக வேண்டும். அதற்குக் கப்பல் கம்பெனி வைத்திருந்த பெயர் 'நிறைவு நாள் உலா: நகர தரிசனமும் எதிர்பாராத வனவிலங்குச் சந்திப்பும்'. காலையில் பேருந்தில் மணிக்கூண்டு, பழைய கோர்ட்டுக் கட்டடம், மூடிக் கிடக்கிற அருங்காட்சியகத்தின் வாசல். பிறகு படகில் ஏற்றி ஆற்றோடு ஒரு சுற்று. படகு ஓட்டுவது அவள் கணவர். மைக்கில் பேசுவது அவள். மைக் கையில் இல்லாதபோதும் அதே குரலில்தான் பேசுவாள் என்பதால் துறைமுகத்தில் பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் அவள் மைக் அக்கா.

இதில் பெரிய ரோதனை அந்த 'எதிர்பாராத' என்ற சொல்தான். ஓடுகிற நீரில் திரிகிற பிராணிகளை வாரத்துக்கு ஒரு நாள், அதுவும் குறித்த இரண்டு மணி நேரத்துக்குள், எதிர்பாராத விதமாகச் சந்தித்தே தீர வேண்டும். அதற்காக மைக் அக்கா தன் தங்கையை வேலைக்கு வைத்திருந்தாள். ஆறு வளைகிற இடத்தில், சாலை எட்டாத கரையில், அவர்கள் வீடு. வீட்டுக்கு முன்னால் மரப்பலகைத் துறை. தங்கை அங்கிருந்து இரண்டு கரையையும் பார்த்துக்கொண்டே இருப்பாள். எந்தப் பிராணி எங்கே தலைகாட்டினாலும் வாக்கிடாக்கியில் சொல்லிவிடுவாள். வாக்கிடாக்கி படகின் நடுவில் கத்தும், முப்பத்தாறு பேருக்கும் கேட்கும். "முதலை வந்துடுச்சு, சீக்கிரம் வா" என்று அது கத்தினால் சந்திப்பு எப்படி எதிர்பாராததாக இருக்கும்?

அதனால் அக்காவும் தங்கையும் சேர்ந்து பிராணிகளுக்கெல்லாம் உறவுமுறை வைத்தார்கள். குரங்குக் கூட்டத்துக்கு 'மாப்பிள்ளை வீட்டார்' என்று பெயர். கூட்டமாக வந்து, கொடுத்ததையெல்லாம் தின்று, தோலை நம் தலையிலேயே போட்டுவிட்டுக் குறையும் சொல்கிறவர்கள் வேறு யார்? நாரை 'அத்தை'. அவர்களுடைய அத்தை ஒரு காரியம் வேண்டுமென்றால் ஒற்றைக் காலில் நின்று சாதித்துக்கொள்கிறவள். உடும்பு 'சகலை', பிடித்தால் விடாது. வாலைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் 'கால்' என்றார்கள். முதலைக்குப் பெயர் தேடி மண்டையை உடைத்துக்கொள்ளவே இல்லை. முதலை 'பெரியப்பா'.

அசல் பெரியப்பா அவர்கள் வீட்டிலேயே இருந்தார். அப்பாவின் அண்ணன். துறைமுகக் கிடங்கில் கதவு திறந்து மூடும் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, இரண்டு வாரம் தங்கிவிட்டுப் போகிறேன் என்று வந்தவர், பதினோரு வருஷமாகப் போகிற வழியாக இல்லை. துறைக்குப் பக்கத்தில் சாய்வு நாற்காலி போட்டு, வெயில் ஏற ஏற வாயைத் திறந்தபடி கிடப்பார். தட்டுச் சத்தம் கேட்டால் மட்டும் எழுந்து வருவார். வந்து உட்கார்ந்து, உப்பு இல்லை என்பார்.

அவரைப் பார்த்துப் பார்த்துத்தான் மைக் அக்கா முதலைக்கான தன் பேச்சையே எழுதினாள். பத்து வருஷமாக எழுத்துப் பிசகாத பேச்சு அது. "இவர் நாள் முழுக்க இப்படித்தான் வாயைத் தொறந்துக்கிட்டுக் கிடப்பார். வேலை வெட்டி கிடையாது. சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் அசைவார். போய்ச் சேர்ந்துட்டார்னு நினைச்சுக் கிட்டப் போயிடாதீங்க. எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுதான் கிடக்கார்." இந்த இடத்தில் பயணிகள் சிரிப்பார்கள். ராத்திரிச் சாப்பாட்டில் இதைச் சொல்லிக் காட்டினால் தங்கையும் சிரிப்பாள். பெரியப்பா மட்டும், "எந்த முதலைடி அது, அவ்வளவு சோம்பேறி?" என்று கேட்டுவிட்டு அடுத்த கவளத்துக்குப் போவார். பாவம், ஒன்றும் தெரியாது.

வாக்கிடாக்கியைக் கேட்கிற பயணிகளுக்கும் ஒன்றும் தெரியாது. "மாப்பிள்ளை வீட்டார் வந்திருக்காங்க, அத்தையும் கூட நிக்கறாங்க" என்று தங்கை சொல்வதைக் கேட்டு, "வேலைக்கு நடுவுலயும் வீட்டு நினைப்பு, பாருங்க. ரொம்பப் பாசமான குடும்பம்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். மைக் அக்கா உள்ளுக்குள் சிரித்துக்கொள்வாள்.

ஆனால் அன்றைக்குச் சிரிக்கிற நிலைமையில் அவள் இல்லை. போன இரண்டு கப்பல் கூட்டத்துக்கும் முதலை அகப்படவில்லை. கம்பெனிக்குப் புகார் போயிற்று. ஊருக்கு மறுபக்கத்தில் புதிதாக ஒரு பட்டாம்பூச்சித் தோட்டம் திறந்திருந்தார்கள். மேலே வலை கட்டிய தோட்டம். அங்கே பட்டாம்பூச்சி வராத நாள் என்று ஒன்று இருக்கவே முடியாது. இன்றைக்கும் முதலை இல்லையென்றால் உலாவை அந்தத் தோட்டத்துக்கு மாற்றுவதாகக் கம்பெனி எழுதியிருந்தது. பார்த்துச் சொல்ல ஒரு அம்மாளையும் அனுப்பியிருந்தது. கையில் கிளிப் வைத்த அட்டை, அதில் கட்டம் போட்ட தாள், காதில் ஒரு பேனா. அவரை மைக் அக்கா மனசுக்குள் அட்டையம்மா என்று அழைத்தாள். மூன்று பேருடைய சோறு அந்த அட்டையில் இருந்தது.

"முதலைச் சந்திப்பு குறைஞ்சது மூணு நிமிஷம்" என்று அட்டையம்மா காலையிலேயே வாசித்துக் காட்டினார். "தலை, உடம்பு, வால் மூணும் தெரியணும். தண்ணிக்கு மேல ரெண்டு கண்ணு மட்டும் தெரிஞ்சா அது கணக்குல சேராது."

"அதுகிட்ட சொல்லிடறேங்க" என்றாள் மைக் அக்கா.

மணிக்கூண்டில் அன்று கடிகாரம் ஓடவில்லை. கோர்ட்டுக் கட்டடத்துக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். அகலத் தொப்பி போட்ட ஒருவர் ஒவ்வொரு இடத்திலும் இறங்கி, நின்று, "போன துறைமுகத்துல இருந்த மணிக்கூண்டு நாலு பக்கமும் ஓடுச்சு" என்றும், "அங்க கோர்ட்டு இதைவிட உயரம்" என்றும் தீர்ப்புச் சொல்லிவிட்டு ஏறினார். இப்படிப்பட்டவர்களைப் போன துறைமுகத்திலேயே வைத்துக்கொண்டிருந்தால் என்ன என்று மைக் அக்காவுக்குத் தோன்றியது. இன்னொரு அம்மாள் கழுத்தில் பைனாகுலரை மாட்டிக்கொண்டு எதையும் வெறுங்கண்ணால் பார்ப்பதில்லை என்று விரதம் பூண்டவராக, மூன்றடி தூரத்தில் இருந்த பெயர்ப்பலகையையும் அதை வைத்தே படித்தார்.

படகில் ஏறிய பிறகு முதல் ஒரு மணி நேரம் சுமாராகப் போயிற்று. மாப்பிள்ளை வீட்டார் சொன்ன இடத்தில் சொன்னபடி இருந்தார்கள். ஒருவர் தொப்பிக்காரரின் தொப்பியைத் தட்டிவிடவும் செய்தார். அது மட்டும் மைக் அக்காவின் மனசுக்கு இதமாக இருந்தது. அத்தை ஒற்றைக் காலில் நின்றாள். சகலை மரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தான். அட்டையம்மா ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டத்தில் சரி போட்டார். முதலைக் கட்டம் காலியாகவே கிடந்தது.

"முதலை?" என்றார் தொப்பிக்காரர்.

"அது நம்ம அழைப்புக்கு வர்ற விருந்தாளி இல்லீங்களே" என்று மைக் அக்கா மைக்கில் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. நேரம் பதினொன்றரை. ஒரு மணிக்குத் திரும்பத் துறைமுகத்தில் இருக்க வேண்டும். சுக்கானைப் பிடித்திருந்த கணவர் திரும்பி அவளைப் பார்த்தார். அவர் பேசுகிற ஆள் இல்லை. எங்கே என்பதைப் புருவத்தாலேயே கேட்பார்.

அப்போது வாக்கிடாக்கி கத்தியது. "அக்கா. அக்கா, கேக்குதா? பெரியப்பா படுத்துட்டார்."

மைக் அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. முப்பத்தாறு பேர் காதும் அங்கேதான் இருந்ததால் குரலை இறக்கி, குடும்ப விஷயம் பேசுகிற தொனியில், "எங்கே?" என்று கேட்டாள்.

"நம்ம துறைக்குக் கீழ. சேத்துல."

"கால் தண்ணியிலயா?"

"ஆமாக்கா. கால் தண்ணியில கிடக்கு."

"வாய்?"

"தொறந்திருக்கு. ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு."

தலை, உடம்பு, வால். அட்டையம்மா கேட்ட மூன்றும் சேற்றில் தயாராக இருந்தன. வாயும் திறந்திருந்தது. இப்படி ஒரு வாய்ப்பு வருஷத்துக்கு ஒரு தடவைதான் அமையும். தங்கையின் குரல் நடுங்கியது. நடுங்காதா பின்னே, அவளுடைய வேலையும்தானே போக இருந்தது என்று மைக் அக்கா நினைத்தாள்.

"அசையறாரா?"

"இல்லக்கா. கண்ணு மட்டும் லேசாத் தொறந்து மூடறார். நான் தண்ணி தெளிச்சுப் பார்க்கவா?"

"வேண்டவே வேண்டாம்" என்றாள் மைக் அக்கா. தண்ணீர் தெளித்தால் முதலை எழுந்து ஆற்றுக்குள் போய்விடாதா? இவளுக்குப் பதினேழு வருஷமாகச் சொல்லிக் கொடுத்து என்ன பிரயோசனம்? "நல்லாக் கேட்டுக்கோ. கிட்டப் போகாதே. தொடாதே. அக்கம்பக்கத்து ஆள் யாரையும் விடாதே. சத்தமே கூடாது. நான் வர்ற வரைக்கும் அவர் அப்படியே கிடக்கணும்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

நேராகப் போனால் எட்டு நிமிஷம். ஆனால் நேராகப் போய் நின்றால் அதில் என்ன எதிர்பாராதது இருக்கிறது? தீவைச் சுற்றிக்கொண்டு, இன்ஜினை அடக்கி, புதர்களுக்கு நடுவே மெல்ல மெல்ல நுழைந்து, சட்டென்று காட்ட வேண்டும். "இருபது நிமிஷம்" என்றாள்.

வாக்கிடாக்கி கரகரத்தது. "அக்கா, ஆனா அவருக்கு..." என்று தங்கை தொடங்கினாள். இதற்கு மேல் பேச விட்டால் உளறிக் காரியத்தைக் கெடுத்துவிடுவாள் என்று மைக் அக்கா வாக்கிடாக்கியின் சத்தத்தைக் குறைத்தாள்.

"வீட்டுல பெரியவருக்கு உடம்பு சரியில்லையா?" என்று பைனாகுலர் அம்மாள் கேட்டார்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. நல்லாத்தான் இருக்கார். படுத்திருக்கார்."

பிறகு அவள் மைக்கை எடுத்தாள். அன்றைக்குப் பேசினாளே ஒரு பேச்சு, அது பதினேழு வருஷத்தில் பேசாத பேச்சு. ஆறு எவ்வளவு பழையது, இதில் என்னென்ன ஒளிந்திருக்கிறது, இன்றைக்கு எதுவும் நடக்கலாம், நடக்காமலும் போகலாம், தனக்கே தெரியாது என்றெல்லாம் சொல்லி, எல்லோரையும் கைபேசியைத் தயாராக வைத்துக்கொள்ளச் சொன்னாள். படகு தீவைச் சுற்றியது. தீவின் பின்பக்கத்தில் ஒரு மரத்தில் வௌவால்கள் தொங்கின. அங்கே நிறுத்த வேண்டிய அவசியமே இல்லை. எதிர்பார்ப்பு ஏறட்டும் என்று ஐந்து நிமிஷம் நிறுத்தினாள். தொப்பிக்காரர் முதல் தடவையாகத் தொப்பியைக் கழற்றிவிட்டு முன்வரிசைக்கு வந்து உட்கார்ந்தார். அட்டையம்மா பேனாவைக் காதிலிருந்து எடுத்தார்.

இன்ஜின் அடங்கியது. படகு புதர்களை உரசிக்கொண்டு வளைவுக்குள் நுழைந்தது.

"எல்லாரும் வலப்பக்கம் பாருங்க" என்றாள் மைக் அக்கா ரகசியக் குரலில். "சத்தம் வேண்டாம். அதோ, அந்தத் துறைக்குக் கீழ, சேத்துல."

முப்பத்தாறு கைகள் உயர்ந்தன. சேற்றில் நீளமாக, பழுப்பாக, ஒன்று கிடந்தது. கொஞ்ச தூரத்தில் தங்கை இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, வலை பின்னுகிற பக்கத்து வீட்டு ஆட்கள் இருவரைக் கிட்ட விடாமல் நிறுத்திவைத்திருந்தாள்.

"அய்யோ, எவ்வளவு நீளம்" என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

பைனாகுலர் அம்மாள் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பைனாகுலரைத் திருகித் தெளிவாக்கிக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"இது செருப்புப் போட்டிருக்கே" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் மைக் அக்காவுக்கு ஒழுங்காக நினைவில்லை. முழங்கால் சேற்றில் இறங்கி ஓடியதும், பெரியப்பாவின் பழுப்புச் சட்டை பாதி நனைந்திருந்ததும், வாய் இடப்பக்கமாகக் கோணியிருந்ததும் நினைவிருந்தன. நாற்காலியிலிருந்து எழுந்து துறையில் கால் கழுவப் போனவர் அப்படியே சரிந்துவிட்டார். கண் திறந்திருந்தது. அந்தக் கண் அவளைப் பார்த்தது.

"ஏண்டி தொடாம நின்னே? மரமா நீ?" என்று தங்கையைப் பார்த்துக் கத்தினாள்.

"நீதானே தொடாதேன்னு சொன்னே" என்றாள் தங்கை. அவள் முகம் அழுது வீங்கியிருந்தது. "இவங்க தூக்கலாம்னு வந்தாங்க. நீ யாரையும் விடாதேன்னு சொல்லிட்டேன்னு நான்தான் தடுத்தேன். நீ சர்டிபிகேட் வாங்கினவ. எனக்கு என்ன தெரியும்?"

சர்டிபிகேட் உண்மைதான். கம்பெனி கேட்டதென்று இரண்டு நாள் முதலுதவி வகுப்புக்குப் போய் வாங்கி வந்து, கண்ணாடி போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தாள். இரண்டு நாளில் பாதி நேரம் டீ குடித்ததில் போயிற்று. ஆனால் அதற்குப் பிறகு வீட்டில் யாருக்கு விரல் வெட்டினாலும், "யாரும் தொடாதீங்க, நான் வர்றேன்" என்று அதிகாரம் பண்ணுவது அவள் வழக்கம். தங்கை அதைத்தான் கேட்டாள். அக்கா சொன்னபடி கேட்டாள்.

பெரியப்பாவைத் தூக்கிக் கொண்டுவந்து இருக்கைகளுக்கு நடுவே படகின் தரையில் படுக்கவைத்தார்கள். பயணிகள் காலை ஒதுக்கிக்கொண்டார்கள். ஆஸ்பத்திரி துறைமுகத்துக்குப் பக்கத்தில்தான், படகில் போவதுதான் விரைவு. கணவர் இன்ஜினை முழு வேகத்துக்கு முடுக்கினார். சிலர் கையில் இருந்த தாளால் அவருக்கு விசிறிவிட்டார்கள். மனுஷத்தன்மை என்று ஒன்று இருக்கிறதல்லவா? அது சுமார் நான்கு நிமிஷம் தாங்கியது.

"அப்போ முதலை?" என்றார் தொப்பிக்காரர்.

பெரியப்பாவின் தலை மைக் அக்காவின் மடியில் இருந்தது. பைனாகுலர் அம்மாள் எதிரே தரையில் உட்கார்ந்து அவருடைய வலது கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பைனாகுலரைக் கழற்றிப் பைக்குள் போட்டிருந்தார். அட்டையம்மா தாளைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார், பெரியப்பாவை மட்டும் பார்க்கவில்லை.

திருப்பத்தைத் தாண்டியதும் இன்ஜின் நின்றது.

கணவர் வேண்டுமென்று நிறுத்தவில்லை. பதினேழு வருஷத்துப் பழக்கம் அவர் கையில் இருந்தது. மணல்திட்டில் முதலை படுத்திருந்தால் அந்தக் கை தானாக இன்ஜினை அடக்கும். அடக்கியது. திட்டில், கூப்பிடு தூரத்தில், தலையும் உடம்பும் வாலும் குறைவில்லாமல் தெரிய, வாயைத் திறந்துகொண்டு அது கிடந்தது. இரண்டு கப்பல் கூட்டத்துக்குக் கண்ணில் படாமல் இருந்த சனியன், இப்போது, இந்த நேரத்தில், எதிர்பாராத விதமாகவே வந்து கிடந்தது.

கூட்டம் மொத்தமும் வலப்பக்கம் பாய்ந்தது. படகு சாய்ந்தது. பெரியப்பாவின் உடம்பு ஒரு சாண் நகர்ந்தது. பைனாகுலர் அம்மாள் மட்டும் எழுந்திருக்காமல், நகர்கிற உடம்போடு தானும் நகர்ந்தார். கணவர் திரும்பிப் புருவத்தால் கேட்டார்.

போங்க என்ற ஒரே சொல்தான். அது அவள் நாக்கு நுனியில் இருந்தது. அதே நேரம் அட்டையம்மாவின் பேனா காலிக் கட்டத்துக்கு மேலே நின்றது. "விளக்கம் யாரும் சொல்லலைன்னா இது கணக்குல வராதுங்க" என்று அவர் மெதுவாக, நல்ல எண்ணத்தோடேயே சொன்னார்.

மைக் அக்கா மைக்கை எடுத்தாள்.

"இவர் நாள் முழுக்க இப்படித்தான் வாயைத் தொறந்துக்கிட்டுக் கிடப்பார்" என்றாள். குரல் எங்கேயும் பிசகவில்லை, அதுதான் கேவலம். "வேலை வெட்டி கிடையாது. சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் அசைவார்."

மடியில் இருந்த தலை லேசாகத் திரும்பியது. பெரியப்பாவின் கண் அவள் முகத்துக்கு வந்து நின்றது. அவர் அந்தப் பேச்சைச் சாப்பாட்டு மேஜையில் ஆயிரம் தடவை கேட்டவர்தான். யாரைப் பார்த்து எழுதியது என்பது அன்றைக்குத்தான், தரையில் கிடந்தபோதுதான், அவருக்குப் புரிந்தது. புரிந்ததென்று அந்தக் கண்ணே சொல்லிற்று. அவளால் நிறுத்தவும் முடியவில்லை.

"போய்ச் சேர்ந்துட்டார்னு நினைச்சுக் கிட்டப் போயிடாதீங்க" என்றாள். "எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுதான் கிடக்கார்."

பயணிகள் சிரித்தார்கள். அட்டையம்மா சரி போட்டார். மூன்று நிமிஷம் என்ற விதியை இரண்டரை நிமிஷத்தில் முடித்துக்கொடுத்ததைப் பிற்பாடு அவள் ஏதோ பெரிய தியாகம் மாதிரிக் கணவரிடம் சொன்னாள். அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

பெரியப்பா பிழைத்தார். இடது கையும் காலும் வரவில்லை. பேச்சு குழறியது. விழுந்த உடனே தூக்கிக்கொண்டு வந்திருந்தால் இவ்வளவு தூரம் ஆகியிருக்காது என்று டாக்டர் சொன்னார். எவ்வளவு நேரம் அங்கே கிடந்தார் என்றும் கேட்டார். "இருபது நிமிஷம்" என்று தங்கை சொன்னாள். வௌவால் மரத்தடியில் நின்றது தங்கைக்கு அப்போது தெரியாது. பிறகு தெரிந்துகொண்டாள்.

உலா தப்பித்தது. இன்னும் இரண்டு வருஷத்துக்கு உங்களுக்கேதான் என்று கம்பெனி எழுதியது. பயணிகள் சொன்ன கருத்துகளையும் இணைத்திருந்தது. 'முதலை அருமை. நடுவில் நோயாளி ஒருவரை ஏற்றிக்கொண்டதால் கால் நீட்ட இடமில்லை. போன துறைமுகத்தில் இருக்கைகள் அகலம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். யாரென்று சொல்லத் தேவையில்லை. மைக் அக்கா அதைப் படித்துவிட்டு அந்த ஆளை வாய்க்கு வந்தபடி ஏசினாள். தங்கை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அந்த ஆள் முதலையை எதுக்குப் பார்க்கணும், கண்ணாடியில பார்த்துக்கலாமே" என்றாள். சொல்லும்போது அவள் அக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரியப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய பிறகு, அடுத்த கப்பலுக்கு முந்தின நாள் மைக் அக்காவே பேச்சை எடுத்தாள். "இனிமே பெரியப்பான்னு சொல்லாதே."

"வேற என்ன சொல்லட்டும்?"

"ஏதாவது சொல்லித் தொலை. வீட்டு ஆள் மாதிரி இருந்தாப் போதும்."

தங்கை சரி என்று தலையாட்டினாள். என்ன சொல்லப் போகிறாள் என்று மைக் அக்கா கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

மறுநாள் புதிய கூட்டம், புதிய தொப்பிகள். பதினொரு மணிக்கு வாக்கிடாக்கி கத்தியது. தங்கையின் குரல் இந்தத் தடவை நடுங்கவில்லை. ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, படகில் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"கேக்குதா? அக்கா கரையில கிடக்கா. மணல்திட்டுல. வாயைத் தொறந்துக்கிட்டு. நான் கிட்டப் போகலை. தொடலை. யாரையும் விடலை."

அவளுக்குப் பின்னாலிருந்து இன்னொரு சத்தம் வந்தது. கோணிப்போன வாயால் ஒருவர் சிரிக்கிற சத்தம். சாய்வு நாற்காலி துறைக்குப் பக்கத்தில்தான் கிடந்தது.

கணவர் திரும்பிப் பார்க்கவில்லை. மணல்திட்டை நோக்கிப் படகைத் திருப்பினார். முன்வரிசையில் இருந்த ஒரு அம்மாள் கவலையோடு, "யாருங்க, உங்க அக்காவா? உடம்புக்கு என்ன?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்லீங்க" என்றாள் மைக் அக்கா. "அவ எப்பவும் அப்படித்தான்."

படகு திட்டை நெருங்கியதும் இன்ஜின் அடங்கியது. எல்லோரும் வலப்பக்கம் பாய்ந்தார்கள். அவள் மைக்கை எடுத்தாள். நாள் முழுக்க வாயைத் திறந்துகொண்டு என்பதுதான் முதல் வரி. மூன்று நிமிஷம் பேசியே ஆக வேண்டும், ஒப்பந்தத்தில் இருக்கிறது. வாக்கிடாக்கியைத் தங்கை அந்தப் பக்கம் அணைக்கவில்லை. அங்கே நாற்காலியில் ஒருவர் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.